மருமகன் மூட்டையும் மாலத்தீவு மரக்கட்டையும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை எங்க வீட்டு ஹாலில் கால் வைக்க இடமில்லை. அக்கா பையன் மாலத்தீவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மாலத்தீவுன்னதும் தண்ணிக்கு மேல குடிசை, கையில இளநீர், பின்னாடி அஸ்தமனம்னு நினைச்சுடாதீங்க. இவன் போனது ஃபுவாமுலா என்கிற தீவுக்கு. தலைநகர் மாலேயிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தெற்கே, பூமத்திய ரேகையைத் தாண்டி, பக்கத்துல துணைக்கு ஒரு தீவுகூட இல்லாம தனியா நிற்கிற தீவு. அங்கே என்ன விசேஷம்? புலிச்சுறா. துறைமுகத்தில் கொட்டும் மீன் கழிவுக்குப் பழகிப்போய் வருஷம் முழுக்க வருமாம். அதைக் கிட்டப் போய்ப் பார்க்கிறதுக்குச் சம்பளத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒருத்தன் போகிறான். எனக்குக் கிணத்துல கூட நீச்சல் வராது. அதனால் இந்த விஷயத்தில் நான் கருத்து சொல்லக்கூடாதுதான்.

மாலேவிலிருந்து அந்தத் தீவுக்கு ஏறுகிற சின்ன விமானத்தில் 20 கிலோதான் பெட்டி. ஹாலில் பரப்பியிருந்ததோ முகக் கண்ணாடி, காலில் மாட்டும் ஃபின், ரெகுலேட்டர், காற்றை நிரப்பி மிதக்கிற ஜாக்கெட், ரப்பர் உடுப்பு, டார்ச், கை வாட்ச் மாதிரி ஒரு டைவ் கம்ப்யூட்டர், ரப்பர் வளையங்கள் போட்ட ஒரு டப்பா, காது மருந்து. புதுக் கண்ணாடியின் உள்பக்கத்தைப் பயல் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். தொழிற்சாலையில் படிந்த எண்ணெய்ப் பசை போகலைன்னா தண்ணிக்குள்ள பனி மூடின மாதிரி ஆயிடுமாம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாங்க:

"ஏண்டா, இவ்வளவு வச்சிருக்கே, ஆக்ஸிஜன் சிலிண்டரைக் காணோமே?"

பயல் சிரிச்சுட்டான். ஆனா கேள்வி அருமையான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லணும்னா முன்னூறு நானூறு வருஷம் பின்னாடி போகணும். ராத்திரி பெட்டி கட்டி முடிகிற வரைக்கும் நான் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். கேட்டானா இல்லையா தெரியாது. நீங்களாவது கேளுங்க.

முதல்ல சின்னத் திருத்தம். சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் இல்லை. நாம இப்ப மூச்சு விடுகிற அதே காற்றுதான், வடிகட்டி அமுக்கி அடைச்சது. பரவலாகப் பயன்படுகிற அலுமினிய சிலிண்டர் ஒன்று காலியாகவே சுமார் 14 கிலோ. அதற்குள்ளே அடைக்கிற காற்று மூன்று கிலோ கூட வராது. மூணு கிலோ காற்றுக்காக 14 கிலோ உலோகத்தை யாரும் ஊரிலிருந்து தூக்கிட்டுப் போறதில்லை, நிரப்பின சிலிண்டரை விமானத்தில் ஏற்றவும் மாட்டாங்க. அது அந்தத் தீவிலேயே இருக்கும். இடுப்பில் கட்டுகிற ஈயக் கட்டியும் அப்படித்தான். சரி, காற்று தீவிலேயே கிடைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஜனங்க எதை எடுத்துக்கிட்டுப் போனாங்க?

நம்ம பக்கத்துக் கதையிலிருந்தே தொடங்கலாம். மன்னார் வளைகுடாவில் இலங்கைக் கரையோரம் மரிச்சுக்கட்டி, சிலாபத்துறைன்னு ஊர்கள். அங்கே முத்துச் சலாபம் நடந்தபோது தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பரதவர்களும், கீழக்கரையிலிருந்து முஸ்லிம்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகளும் வந்து முங்கினார்கள். மரிச்சுக்கட்டி சாதாரண நாளில் வெறும் மணலும் புதரும். சலாபம் அறிவிச்சாச்சுன்னா சில வாரத்துல ஓலைக் கொட்டகையில ஒரு நகரமே முளைச்சுடும். கோர்ட், ஆஸ்பத்திரி, போலீஸ், கடைத்தெரு, வட்டிக்காரர்கள், எல்லாம். சலாபம் முடிஞ்சதும் எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டுக் கிளம்ப வேண்டியது. ஒரு ஊரையே மூட்டை கட்டுவதுன்னா அதுதான்.

ஆனால் முங்குகிற ஆளோட மூட்டை எவ்வளவு? ஒரு கல். ஒரு கயிறு. ஒரு வலைப்பை. அவ்வளவுதான். 15, 20 கிலோ கனத்தில் துளை போட்ட கல்லு, அதுல கயிறு. பாதத்தைக் கயிற்று வளையத்தில் வைத்துக் கல்லோடு சேர்ந்து கீழே போவார். தரை தட்டினதும் காலை எடுத்துடுவார், மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிஷம், கொஞ்சம் கூடுதலா, சிப்பிகளை வாரிப் பையில் போட்டுட்டுக் கயிற்றை அசைச்சா மேலே இழுத்துடுவாங்க. அரபிகள் மூக்கைக் கொம்புக் கிளிப்பால் கவ்விக்கொள்வார்கள். நம்ம ஆட்கள் பெரும்பாலும் கையாலேயே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினாங்க. கண்ணாடி கிடையாது. உப்புத்தண்ணியில் வெறும் கண்.

காற்று? நெஞ்சுக்குள்ள எவ்வளவு அடங்குமோ அவ்வளவு.

இந்த முறையில் 1905ஆம் வருஷம் ஒரே பருவத்தில் 8 கோடிக்கும் மேலே சிப்பி எடுத்தார்கள். அதுல மூணுல ஒரு பங்கு முங்கினவங்களுக்கு, மிச்சம் அரசாங்கத்துக்கு. அந்தக் கணக்கைப் பார்த்து வாயைப் பிளந்து 1906இல் லண்டன்காரர்கள் கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்குக் குத்தகை எடுத்தார்கள். வருஷத்துக்கு 3,10,000 ரூபாய். கொஞ்ச காலத்திலேயே சிப்பி வத்திப்போய் 1912இல் கம்பெனியும் இழுத்து மூடிட்டாங்க. (இது பெரிய கதை. தனியா ஒரு பதிவு போடறேன்.)

இன்னொரு சாமானைச் சொல்லாமல் விட்டால் தப்பு. சுறா. இதற்கு அவங்க வெச்சிருந்த ஏற்பாடு கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரவாதி. மார்கோ போலோ காலத்திலேயே முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்குன்னு எழுதி வெச்சிருக்கார். பின்னாடி வந்த வெள்ளைக்கார அரசாங்கமும் கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தது! நம்பிக்கையால் இல்லை. அவர் கரையில் நின்று ஜெபிக்கலைன்னா முங்குறவங்க படகுல ஏற மாட்டாங்க, வருமானம் போயிடும். அதனால் கொடுத்தார்கள். நல்ல நிர்வாகம்தான், வேற என்ன சொல்ல.

கல்லும் கயிறும் மனசில் இருக்கட்டும். இப்ப மன்னாரிலிருந்து தென்மேற்கே, பயல் போகிற மாலத்தீவுக்கே போவோம்.

1602 ஜூலை 2. பிரான்ஸிலிருந்து சுமத்ரா பக்கம் மிளகு வாங்கக் கிளம்பின கோர்பன் என்ற கப்பல் மாலத்தீவுப் பவளப்பாறையில் ஏறி உடைஞ்சது. தப்பினவர்களில் ஒருத்தர் பிரான்சுவா பிரார். கப்பல் முழுகும்போது மனுஷன் என்ன எடுத்துக்குவான்? இவங்க எடுத்தது வெள்ளிக்காசு. இடுப்புல கச்சையாக் கட்டிக்கிட்டுக் கரையேறினாங்க, கரையேறி மணலில் புதைச்சு வெச்சாங்க. அப்புறம் பசி தாங்காம தோண்டி எடுத்து அதைக் கொடுத்துத்தான் சாப்பாடு வாங்கினாங்க. எதை எடுத்து வெச்சா பிழைக்கலாம்னு அவங்களுக்கு யாரும் லிஸ்ட் கொடுக்கலை பாருங்க.

பிரார் அஞ்சு வருஷம் மாலத்தீவில் சிக்கியிருந்தார். திவேஹி மொழியைக் கத்துக்கிட்டார். 1607இல் வங்காளத்திலிருந்து ஒரு படை வந்து மாலேயைச் சூறையாடின சமயத்தில்தான் அவருக்கு விடுதலை. அந்தப் படை வந்ததே முக்கியமா கோர்பன் கப்பலோட பீரங்கிகளைத் தூக்கிட்டுப் போகத்தான்னு அவரே சொல்றார். ஊர் திரும்பி 1611இல் புத்தகம் போட்டார். 'அட்டோல்' என்ற திவேஹி வார்த்தை ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது அந்தப் புத்தகம் வழியாகத்தான். இன்னிக்கு உலகம் பூராவும் அந்த வார்த்தையைத்தான் சொல்லுது.

எனக்கு அந்தப் புத்தகத்தில் பிடிச்ச இடம் ஒண்ணு உண்டு. மாலத்தீவில் 'கந்து' என்று ஒரு மரம். தக்கை மாதிரி லேசான மரம். கடலடியில் பெரிய பாறை கிடந்தாலோ, நங்கூரம், பீரங்கி விழுந்து கிடந்தாலோ, ஆட்கள் ஒரு வடத்தோடு முங்கிப்போய் அதில் கட்டுவார்கள். அப்புறம் துளை போட்ட கந்துப் பலகையை வடத்தில் கோத்துக் கீழே தள்ளிக்கொண்டு போவார்கள். ஒண்ணு போதலைன்னா இன்னொண்ணு. அது மேல இன்னொண்ணு. அப்படியே கோத்துக்கிட்டே போனா ஒரு கட்டத்தில் அந்தப் பீரங்கி தானாகக் கிளம்பி மேலே வரும். மாலே துறைமுகத்தில் கப்பலுக்கு இடைஞ்சலாயிருந்த பாறைகளைக்கூட இப்படித்தான் அப்புறப்படுத்தினார்களாம். ராட்டினம் கிடையாது, கிரேன் கிடையாது. முங்கத் தெரிந்த ஆளும் மிதக்கத் தெரிந்த மரமும்தான். (இப்ப டைவர்கள் தீவுக்கூட்டத்துக்கு நடுவுல நீரோட்டம் ஓடுற கால்வாயைக் 'கண்டு'ன்னு சொல்றாங்க. அது வேற வார்த்தை. காதுல கிட்டத்தட்ட ஒரே மாதிரி விழும், குழப்பிக்காதீங்க.)

மன்னார்க்காரர் மூட்டையில் கீழே போகக் கல். மாலத்தீவுக்காரர் மூட்டையில் மேலே வர மரம். நடுவுல மூச்சு மட்டும் எப்பவும் சொந்த மூச்சு. அதை மாத்தறதுக்கு இன்னும் முன்னூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு.

இடையில் கண்ணாடி வந்தது. 1930களில் தெற்கு பிரான்ஸ் கடற்கரையில் கய் கில்பாட்ரிக் என்று ஒரு அமெரிக்க எழுத்தாளர் இருந்தார். விமானிகள் போடுகிற கண்ணாடியை எடுத்து, ஜன்னலுக்குப் பூசுகிற புட்டியைத் தடவித் தண்ணி புகாம அடைச்சு, மாட்டிக்கிட்டு மீன் குத்தப் போவார். அதுல ஒரு கோளாறு. கண்ணை மட்டும் மூடும் கண்ணாடிக்குள்ள இருக்கிற காற்றைச் சமன் பண்ண வழி கிடையாது. ஆழம் போகப்போகக் கண்ணைப் பிடிச்சு உறிஞ்சும். மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி வந்த பிறகுதான் மூக்கால் கொஞ்சம் ஊதிச் சரிசெய்ய முடிந்தது. பயல் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சது அந்த வம்சத்துக் கண்ணாடிதான்.

1937இல் இந்த கில்பாட்ரிக்கைக் கடற்கரையில் பார்த்துச் சொக்கிப் போனவர் வியன்னாவிலிருந்து வந்த ஒரு வாலிபர். பேர் ஹன்ஸ் ஹாஸ். இரண்டு வருஷம் கழிச்சு, 1939 கோடையில், ரெண்டு நண்பர்களோட கரீபியன் கடலில் குராசாவ், போனேர் தீவுகளுக்குக் கிளம்பினார். தண்ணீர் புகாத பெட்டியில் வெச்ச கேமராதான் முக்கிய சாமான். அங்கே இருக்கும்போதே ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்டது. கொஞ்ச நாளுக்குன்னு கட்டின மூட்டையோட போனவங்க நெடுநாள் அங்கேயே மாட்டிக்கிட்டு, கடைசியில் அமெரிக்கா, ஜப்பான்னு உலகத்தையே சுத்தி 1940இல்தான் வீடு போய்ச் சேர்ந்தாங்க. எத்தனை ஜோடி சட்டை எடுத்துட்டுப் போனாங்களோ!

யுத்த காலத்தில் ஹாஸ் கையில் எடுத்தது நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து தப்பிக்க வெச்சிருந்த ஆக்ஸிஜன் கருவியை மாத்தி அமைச்சது. விட்ட மூச்சையே சுத்தம் பண்ணித் திரும்பக் கொடுக்கும். குமிழி வராது, சத்தம் வராது, மீன் பயப்படாது. அம்மா கேட்ட 'ஆக்ஸிஜன் சிலிண்டர்' இதுதான். சின்னதா இருக்கும், மூட்டையில் அடங்கும். ஆனால் எமன். தூய ஆக்ஸிஜனை அழுத்தத்தில் மூச்சு விட்டால் கொஞ்ச ஆழத்திலேயே நரம்பைத் தாக்கி வலிப்பு வந்துடும். தண்ணிக்குள்ள வலிப்புன்னா என்ன ஆகும்னு சொல்ல வேண்டாம். பிரெஞ்சுக் கடற்படையில் இருந்த ஜாக் குஸ்தோவுக்கே அப்படி ரெண்டு தடவை வந்து சாகப் பார்த்தார். அதுக்கப்புறம்தான், ஆக்ஸிஜன் சகவாசமே வேணாம், சாதாரணக் காற்றையே அமுக்கிக் கொடுக்க முடியுமான்னு தேட ஆரம்பிச்சார்.

வழி கண்டுபிடிச்சவர் எமில் கன்யான் என்ற பாரிஸ் எஞ்சினியர். அவர் யோசிச்சுக்கிட்டிருந்தது கடலைப் பற்றியே இல்லை. ஜெர்மன்காரன் பெட்ரோலை எல்லாம் எடுத்துக்கிட்டதால் கார்களைக் கேஸில் ஓட்ட வேண்டிய நிலைமை, அதுக்கு ஒரு வால்வு செஞ்சுக்கிட்டிருந்தார். உறிஞ்சினா மட்டும், தேவையான அளவு மட்டும் திறக்கிற வால்வு. காருக்குச் செஞ்சது நுரையீரலுக்கும் பொருந்தியது. 1943 ஜூன் மாசம் பாந்தோல் என்ற சின்ன ஊர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பாரிஸிலிருந்து ஒரு மரப்பெட்டி பார்சல் வந்தது. குஸ்தோ போய் வாங்கிக்கொண்டு வந்தார். அதுக்குள்ள இருந்ததுதான் இன்னிக்கு எல்லா டைவரும் மாட்டிக்கொள்கிற கருவியோட பாட்டன். ஆக்கிரமிப்பில் இருந்த ஒரு நாட்டில், ரயில் பார்சலில் அது பத்திரமாக வந்து சேர்ந்ததே பெரிய விஷயம்.

ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதுமா? பாரிஸில் காற்று அடைக்கலாம். பவளப்பாறை இருக்கிற தீவில் யார் அடைச்சுத் தருவா? தூரத்துக் கடலுக்குப் போகணும்னா பட்டறை, எஞ்சின், ஆய்வகம் எல்லாத்தையும் கூடவே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஹாஸ் 1951இல் ஸரிஃபா என்ற மூணு பாய்மரக் கப்பலை வாங்கினார். அது 1927இல் இங்கிலாந்தில் ஒரு பணக்காரருக்காகக் கட்டின உல்லாசக் கப்பல். பணக்காரர் யாருன்னா, நம்ம வீட்டு ஹாலிலும் ஒரு மூலையில் நிற்குதே சிங்கர் தையல் மெஷின், அந்தக் குடும்பத்துக்காரர். உல்லாசம் போய்ச் சரக்கு சுமந்துக்கிட்டிருந்த கப்பலை ஹாஸ் ஆராய்ச்சிக் கப்பலாக மாத்தினார். 1953-54இல் கரீபியன், காலபாகோஸ். அந்தப் பயணத்தில் கூடப் போன ஜிம்மி ஹாட்ஜஸ் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் கடலுக்குள்ளேயே உயிரைவிட்டார். இவ்வளவு பெரிய மூட்டை கட்டியும்.

1957-58இல் ஸரிஃபா செங்கடல் வழியாக மாலத்தீவுக்கு வந்தது. அங்கிருந்து இலங்கை, நிக்கோபார். மணலில் குழி தோண்டி வாலை ஊன்றிக்கொண்டு, புல்வெளி மாதிரி ஆடுகிற விலாங்கு மீன் கூட்டத்தை அந்தப் பயணத்து விஞ்ஞானிகள் விவரிச்சாங்க. அதுல ஒரு இனத்துக்கு ஹாஸ் பேரையே வெச்சாங்க. எழுதப்பட்ட அறிவியலில் மாலத்தீவுக் கடலடியை அவ்வளவு நேரம் கண்ணால் பார்த்தவர்கள் அதற்கு முன் அதிகம் பேர் இல்லை. எழுதப்படாத அறிவியலில், கந்துப் பலகையோடு முங்கினவர்கள் எத்தனை தலைமுறையோ.

அப்புறம் திருப்பம். 1971இல் ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலியப் பயண ஏற்பாட்டாளர் கொழும்பில் மாலத்தீவு தூதரக அதிகாரி ஒருவரைப் பார்த்தார். மறு வருஷம் ஒரு சின்னக் கூட்டத்தை மாலேக்கு அழைத்துப் போனார். 1972 அக்டோபரில் முதல் ரிசார்ட் திறந்தாச்சு. (எழுத்தைக் கவனிச்சீங்களா? 1602இல் வந்து உடைஞ்ச கப்பல் பெயரும், 1972இல் ஆள் கூட்டிட்டு வந்தவர் பெயரும் ஐரோப்பிய எழுத்தில் ஒண்ணே. நான் கதை விடலை, நிஜமாவே தற்செயல்.) சுற்றுலா இந்தத் தீவுகளில் தேறாதுன்னு அதுக்கு முன்னாடி ஐ.நா. நிபுணர்கள் சொல்லிட்டுப் போயிருந்தாங்க என்பது கொசுறு.

ரிசார்ட் வந்ததும் காற்றழுத்த மெஷினும், சிலிண்டரும், ஈயக் கட்டியும் தீவில் குடியேறின. அதற்குப் பிறகு வருகிறவர்கள் பெட்டியில் மூச்சு இல்லை, பாரம் இல்லை. முகத்துக்கும் காலுக்கும் தேவையானதை எடுத்துக்கிட்டா போதும். மரிச்சுக்கட்டிக் கல்லு ஈயமாகித் தீவிலேயே தங்கிடுச்சு. 20 கிலோவுக்குள்ள ஒருத்தன் புலிச்சுறா பார்க்கப் போக முடிகிறது இப்படித்தான். அம்மாவுக்குப் பதில் இது.

சொல்லி முடிச்சுட்டுத் திரும்பிப் பார்த்தா, பெட்டி 21.4 கிலோ காட்டுது. பயல் எதையாவது குறைக்கணும். அவன் எடுத்து வெளியே போட்டது ரெண்டு சாமான். சுருட்டி வெச்ச ஒரு ஆரஞ்சு கலர் ட்யூப், அதோட சேர்ந்த கயிற்றுச் சுருள். "மாமா, இது வேணாம். கைடுகிட்ட ஒண்ணு இருக்கும்."

அந்த ட்யூப் என்னன்னா, தண்ணிக்குள்ளிருந்து காற்றை ஊதி மேலே விட்டால் ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். படகுக்காரனுக்கு நீ இருக்கிற இடம் தெரியும். அலைக்கு நடுவுல மிதக்கிற ஒரு மனுஷத் தலை கொஞ்ச தூரத்துக்கு அப்பால் தேங்காய் மாதிரிகூடத் தெரியாது. மாலத்தீவு நீரோட்டமோ சொல்லாம கொள்ளாம இழுத்துட்டுப் போற ரகம். மிதக்கிற ஒண்ணைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புவது... கந்துப் பலகைதான். வேறென்ன?

அப்போதுதான் அவனுக்கு லோனர்கன் தம்பதி கதையைச் சொன்னேன். 1998 ஜனவரி 25, ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு. டாம், ஐலீன் என்ற அமெரிக்கக் கணவன் மனைவி. ஒரு படகில் பலரோட சேர்ந்து முங்கப் போனாங்க. சாயங்காலம் படகு கரைக்குத் திரும்பியது. தலை எண்ணினதில் தப்பு. இவங்க ரெண்டு பேரும் படகில் இல்லை என்பது யாருக்கும் தெரியலை. எப்போ தெரிஞ்சது? இரண்டு நாள் கழிச்சு. எப்படித் தெரிஞ்சது? படகில் அவங்க பை இருந்தது. யாரும் எடுக்காத பை. அதைத் திறந்து பார்த்த பிறகுதான் தேடப் போனாங்க. மிதக்கிற ஜாக்கெட்டுகள் பின்னாடி கரை ஒதுங்கின. அவங்க கிடைக்கவே இல்லை. அதுக்கப்புறம் அந்த மாநிலத்தில் தலை எண்ணுகிற சட்டத்தை இறுக்கினார்கள்.

பயல் ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம் ஒரு ஜீன்ஸையும் சார்ஜர் ஒண்ணையும் எடுத்துட்டு, ட்யூபையும் கயிற்றையும் திரும்ப வெச்சான். அப்பவும் அரைக் கிலோ அதிகம். அம்மா கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்தான். அம்மா முகம் போன போக்கைப் பார்த்துட்டு, பாட்டிலை உள்ளே வெச்சுட்டுச் செருப்பை எடுத்தான். டார்ச் பேட்டரி எல்லாம் கைப்பையில் போச்சு, கத்தி பெரிய பெட்டியில். தராசு 19.9.

பத்து நாள் கழிச்சு வந்தான். கடைசி நாள் முங்கவே இல்லையாம். உடம்பில் கரைஞ்ச நைட்ரஜன் வெளியேற, விமானம் ஏறுகிறதுக்குக் குறைஞ்சது 18 மணி நேரம் விடணும். அந்த நாளைச் சாமான்களைக் காய வைக்கிற நாளா வெச்சுக்கிட்டானாம். காய்ஞ்ச ரப்பர் வாசனையோட பெட்டி திரும்ப ஹாலுக்கு வந்தது. சாப்பிடும்போது அம்மாவிடம் புலிச்சுறா கதை. எத்தனை அடி நீளம், எவ்வளவு கிட்ட வந்தது, எப்படித் திரும்பிப் பார்த்ததுன்னு கையை விரிச்சு விரிச்சுக் காட்டினான். அம்மா "ஐயோ, ஐயோ"ன்னு கேட்டுக்கிட்டே இன்னும் ரெண்டு தோசை போட்டாங்க.

கை கழுவப் போன இடத்தில் என்னிடம் மட்டும் மெதுவாச் சொன்னான். நாலாவது நாள் நீரோட்டத்தில் கூட்டம் பிரிஞ்சு போச்சு. இவனும் இன்னொரு பொண்ணும் மேலே வந்தப்ப படகு ஒரு புள்ளியாத் தெரிஞ்சது. கைடு வேற பக்கம் போயிட்டார். ட்யூபை ஊதி நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்களாம். இருபது நிமிஷத்துல படகு வந்துடுச்சு.

அம்மாகிட்ட அதைச் சொல்லலை. சுறாவைப் பத்தி மட்டும் சொல்லியிருக்கான்.